பன்னெண்டு வோல்ட்டுதானேன்னு விட்டது

சம்பா நெல்லு கமிட்டிக்குப் போயாச்சு. மல்லாட்டைக்கு மூணாவது தண்ணியும் கட்டிட்டேன். கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. வலது உள்ளங்கையில இருந்த கொப்புளமும் போன வாரம்தான் காஞ்சு தோல் உரிஞ்சுது. கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் "வயரு சுட்டுடுச்சு"ன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன். முழுக்கதையை இப்பதான் எழுத உட்காருறேன். பழைய காரு வச்சிருக்கிறவங்களும், அதுல பாட்டுப் பெட்டி போட்டே ஆகணும்னு நிக்கிற பசங்களைப் பெத்தவங்களும் படிச்சா நல்லது.

எங்ககிட்ட இருக்கிறது மாருதி 800. 2006 மாடல். ஆறு வருஷத்துக்கு முன்ன 55 ஆயிரம் கொடுத்து வாங்கினேன். இந்த வண்டி முதன்முதல்ல வந்தது 1983 டிசம்பர்ல. அப்ப நான் ஒன்பதாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். 2014 ஜனவரியோட கம்பெனியில நிறுத்திட்டாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், 35 ஆம்பியர் பேட்டரி. ஊர்ல இதைப் பார்த்துச் சிரிக்கிறவங்க உண்டு. ஆனா விதை மல்லாட்டை, உர மூட்டை, வீட்டுக்காரம்மா, பேத்தி எல்லாத்தையும் ஒரே நடையில செஞ்சியில இருந்து சீயமங்கலம் கொண்டாந்து சேர்த்துடும். ஒரே குறை, பின்னாடி இடது பக்கக் கதவு உள்ளே இருந்து திறக்காது. கைப்பிடி உடைஞ்சு போச்சு. வெளியே நின்னுதான் திறக்கணும். சின்ன வேலை. அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு வருஷமா விட்டிருந்தேன்.

பையன் ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனியில ஷிப்ட்டு வேலை பார்க்கிறான். அவன்கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் புது காரு வாங்கிட்டு, பழைய காருல இருந்த சப்வூஃபரையும் ஆம்ப்ளிபயரையும் கழட்டி இவன்கிட்ட ஆறாயிரத்துக்குக் கொடுத்துட்டான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வாங்கினதாம். அந்த ரோடு முழுக்க காருக்கு சீட்டு கவரு, ஸ்பீக்கரு மாட்டற கடைங்கதான். பன்னெண்டு இன்ச்சு ஸ்பீக்கரு, கறுப்புத் துணி ஒட்டின மரப்பெட்டி. டிக்கியில வச்சா வேற ஒண்ணும் வைக்க இடம் இல்ல. பெட்டி மேல 1200 வாட்ஸ்னு பெரிசா ஒட்டியிருந்தது. தீபாவளி லீவுல வந்தவன் ஒரு கடையில கொடுத்து ஒயரிங் பண்ணி ஓட்டிக்கிட்டு வந்தான். கடை பேரு எதுக்கு, விடுங்க. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்தாங்களாம். அதை ஒரு பெருமையா சொன்னான்.

அன்னைக்கு சாயங்காலம் தெருவுல வண்டியை நிறுத்திப் போட்டுக் காட்டினான். தும்மு தும்முன்னு ஒரு சத்தம். நம்பர் பிளேட்டு தனியா கடகடன்னு ஆடுது. எங்க ஊர் குகைக்கோயிலைப் பார்க்க வெளியூர்ல இருந்து ஆளுங்க வருவாங்க. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துல பாறையைக் குடைஞ்சு எடுத்த கோயில், தூண்ல சிவன் ஆடுற சிற்பம் இருக்கு. அன்னைக்கு அப்படி ரெண்டு பேரு வண்டியில வந்து என்கிட்ட வழி கேட்டாங்க. அவங்க கேட்டதும் எனக்கு விழல, நான் சொன்னதும் அவங்களுக்கு விழல. கையைக் காட்டி அனுப்பி வச்சேன்.

என் காதைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். சின்ன வயசுல வருஷக்கணக்கா டீசல் இன்ஜின் பக்கத்துலயே உட்கார்ந்து தண்ணி இறைச்சவன் நான். குருவிச் சத்தம், பேத்தியோட கீச்சுக்குரல் மாதிரி மேல் சத்தம் எல்லாம் இப்ப சரியா விழறது இல்ல. சத்தத்துல கெட்டுப்போற காதுக்கு மொதல்ல போறது அந்த மேல் சத்தம்தான்னு டாக்டர் சொன்னார். அடிச்சத்தம் மட்டும் தெளிவா கேக்குது. அதனால பையன் போட்ட அந்த தும்மு தும்மு எனக்கு நல்லாவே கேட்டது. நல்லா இருக்குதுன்னு அவன்கிட்ட சொல்லல. "காசைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்க"ன்னுதான் சொன்னேன்.

மறுநாளே தொந்தரவு ஆரம்பிச்சது. காலையில சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. இன்ஜின் சுத்தல. நாலு பேரு தள்ளி ஸ்டார்ட் பண்ணோம். அவன் ஊருக்குப் போனப்புறம் எனக்கு ரெண்டு தரம் அதே மாதிரி ஆச்சு. போன்ல கேட்டா "பேட்டரி பழசுப்பா"ன்னான். நானும் நம்பிட்டேன். புது பேட்டரி போட்டோம். அதுவும் ரெண்டு நாள் நிறுத்தி வச்சா படுத்துக்கும். உழவு நேரம், அதுக்கு மேல நோண்டிப் பார்க்க எனக்குப் பொழுது இல்ல.

பொங்கலுக்கு மொதல் நாள் சாமான் வாங்க செஞ்சிக்குப் போனோம். கரும்பு மேல கேரியர்ல. புதுப்பானை, மஞ்சக்கொத்து, பூசணிக்காய் எல்லாம் பின் சீட்டுல வலது பக்கம். இடது பக்கம் வீட்டுக்காரம்மா, மடியில ஆறு வயசுப் பேத்தி தூங்கிக்கிட்டு வருது. பையன் ஓட்டறான். நான் முன்னாடி இடது சீட்டுல. கோட்டை மலை பின்னாடி போய், தேசூர் பக்கம் திரும்பி வர்ற வழி. இருட்டுற நேரம். ரோட்டுல ஒரு பெரிய பள்ளம், வண்டி தூக்கிப் போட்டது. பாட்டு பட்டுனு நின்னு போச்சு.

கொஞ்ச தூரத்துல பிளாஸ்டிக் கருகற வாசனை. எங்கயோ டயரு கொளுத்தறாங்க, நாளைக்கு மாட்டுக்குன்னு எதையாவது காய்ச்சறாங்கன்னு நினைச்சேன். என் கால்கிட்ட சுட்டது. குனிஞ்சு பார்த்தா கதவோரம் கார்பெட்டுக்கு அடியில இருந்து புகை. "நிறுத்துடா"ன்னு கத்தினேன். ஓரம் கட்டி சாவியை எடுத்துட்டான். சாவியை எடுத்தும் புகை நிக்கல, இன்னும் அதிகமாத்தான் வந்தது.

அந்தக் கைப்பிடி உடைஞ்ச கதவுக்குப் பக்கத்துலதான் ரெண்டு பேரும். அந்தப் பக்கம் போகலாம்னா பானையும் பூசணிக்காயும். நான் குதிச்சு இறங்கி வெளியே இருந்து கதவைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா குழந்தையை மார்ல அணைச்சுக்கிட்டு வயல் வரப்புக்கு ஓடிப்போய் நின்னுட்டாங்க. செருப்பு ஒண்ணு காருலயே விழுந்து கிடந்தது. அதுக்குள்ள பையன் பானெட்டைத் திறந்துட்டான். பேட்டரியில இருந்து சப்வூஃபருக்குப் போற சிவப்பு வயரு தோல் உருகி வடியுது. டெர்மினலைக் கழட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் டிக்கியில, பெட்டிக்குப் பின்னாடி. தோள்ல இருந்த துண்டைக் கையில சுத்திக்கிட்டு வயரைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்தேன். வந்துடுச்சு. உருகின பிளாஸ்டிக்கு துண்டைத் தாண்டி உள்ளங்கையில ஒட்டிக்கிச்சு.

ஒரே இழுப்புல ஏன் வந்ததுன்னா, கடையில வயருக்கு லக்கு போட்டு அடிச்சு முறுக்கல. பிரியை முறுக்கி நட்டுக்கு அடியில சொருகி வச்சிருந்தாங்க. அரைகுறை வேலை. அந்த அரைகுறை வேலைதான் அன்னைக்கு எங்களைக் காப்பாத்துச்சு. ஒழுங்கா முறுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைப் பிசையுது. பின் சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டாங்கு.

பொங்கல் அன்னைக்கு வீட்டுல யாரும் சரியாப் பேசல. வீட்டுக்காரம்மா ஒரே வார்த்தை சொன்னாங்க: "அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில போடுங்க." பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நான் திட்ட வாயெடுத்தேன், வரல. ஏன் வரலைன்னு சொல்லணும்னா என்னோட மோட்டார் கொட்டாய் கதையைச் சொல்லணும்.

பத்துப் பன்னெண்டு வருஷம் முன்ன, த்ரீ பேஸ் கரண்ட்டு ராத்திரியில கொஞ்ச நேரம்தான் வரும். மீதி நேரம் ரெண்டு பேஸ் மட்டும். எல்லாரும் கண்டன்சர் போட்டு ரெண்டு பேஸ்லயே மோட்டார் ஓட்டுவாங்க. நானும் ஓட்டினேன். ரிலே அடிக்கடி விழுந்ததுன்னு அதைக் கட்டி வச்சேன். பீஸ் கட்டையில கம்பி அடிக்கடி போகுதுன்னு ஒரு பிரிக்கு மூணு பிரி போட்டேன். அப்புறம் பீஸ் போகவே இல்ல. காயில்தான் போச்சு. மோட்டாரைத் தூக்கி காயில் கட்டறதுக்குள்ள முக்கால் ஏக்கர் நெல்லு கதிர் வர்ற நேரத்துல காஞ்சுது. இப்படிப்பட்டவன் பையனைப் பார்த்து "பீஸ் போடாம எப்படிடா ஓட்டின"ன்னு எந்த வாயால கேக்கறது?

அவன் லீவு முடிஞ்சு போனப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கார்பெட்டை முழுசா உரிச்சுப் பார்த்தேன். வேலை எப்படி நடந்திருக்குன்னு அப்பதான் புரிஞ்சது. இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ட்ரில்லு போட்டு ஓட்டை. ஓட்டைக்கு ரப்பர் புஷ்ஷு இல்ல. தகர விளிம்பு பிளேடு மாதிரி இருக்கு. வண்டி ஆட ஆட வயரு மேல அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பள்ளத்துல தோலைத் தாண்டி உள்கம்பி பாடியைத் தொட்டுடுச்சு. காருக்கு பாடி முழுக்க நெகட்டிவ். அப்ப பேட்டரியோட ரெண்டு முனையையும் நேராச் சேர்த்த மாதிரிதான்.

ஆம்ப்ளிபயர்ல 30 ஆம்பியர் பீஸ் இருந்தது. அது முழுசா இருக்கு, போகல. பையன் போன்ல இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்: "பீஸ் இருந்துச்சே, ஏன்பா போகல?" வாய்க்காலை வச்சுச் சொன்னேன். "மடைக்கு மேல கரை உடைஞ்சா, கடைசி வயல்ல இருக்கிற மடையை அடைச்சு என்ன பிரயோஜனம்? தண்ணி அது வரைக்கும் போனாத்தானே." பேட்டரியில இருந்து ஆம்ப்ளிபயர் வரைக்கும் நாலஞ்சு மீட்டர் வயரு. ஷார்ட்டு ஆனது பேட்டரிக்குப் பக்கத்துலயே. அந்தக் கரண்ட்டு டிக்கியில இருக்கிற பீஸ் பக்கமே போகல. ஆம்ப்ளிபயர்ல இருக்கிற பீஸ் ஆம்ப்ளிபயருக்கு. வயருக்கு ஒரு பீஸ் தனியா வேணும், அதுவும் பேட்டரியில இருந்து ஒண்ணரை அடிக்குள்ள. அந்த ஒண்ணரை அடிக்கு அப்பால எங்க ஷார்ட்டு ஆனாலும் அது போயிடும். சாவியை எடுத்தும் புகை நிக்காததுக்கும் இதேதான் காரணம். அந்த வயரு சாவி வழியா வரல, நேரா பேட்டரியில இருந்து வருது.

பன்னெண்டு வோல்ட்டுதானே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காதேன்னுதான் எல்லாரும் அலட்சியமா விடறோம். மோட்டார் கொட்டாய்க்குள்ள செருப்பு இல்லாம போக மாட்டோம். காரு பேட்டரியை வெறுங்கையால தூக்குவோம். ஷாக் அடிக்கிறது வோல்ட்டு. சுடறது ஆம்பியர். என்னோட அஞ்சு எச்.பி. மோட்டார் கிட்டத்தட்ட 3700 வாட்ஸ். 415 வோல்ட்டுல மூணு பேஸ்ல ஓடறதால ஒரு வயருக்கு ஏழரை ஆம்பியர் கணக்குதான் இழுக்கும். இந்த ஆம்ப்ளிபயர் 30 ஆம்பியர் பீஸ் போட்டது. பன்னெண்டால பெருக்கினா 360 வாட்ஸ். மோட்டார் செய்யற வேலையில பத்துல ஒரு பங்குதான். ஆனா கரண்ட்டு நாலு பங்கு. பிரஷர் கம்மியா இருந்தா அதே தண்ணிக்குப் பெரிய பைப்பு போடறோமா இல்லையா, அதே கதைதான். கரண்ட்டு ரெண்டு மடங்கு ஆனா வயர்ல சூடு நாலு மடங்கு ஆகும். ஷார்ட்டு ஆச்சுன்னா 30 எங்க, நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும்.

இது எனக்குப் புது விஷயமும் இல்ல. பதினாறு வயசுல மைக்செட்காரர் ஒருத்தர்கிட்ட எடுபிடியா இருந்திருக்கேன். இந்தச் சுத்துப்பட்டுல திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைப் பார்க்கறது கஷ்டம். செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரிதான் அம்மனுக்கு மூலக்கோயில்னு சொல்லுவாங்க. பாரதம் வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில தீமிதி. அத்தனை நாளும் மைக்செட்டு. தென்னமரம் தென்னமரமா ஏறி கூம்பு ஸ்பீக்கர் கட்டறது என் வேலை. அஹுஜா ஆம்ப்ளிபயர்ல பின்னாடி 100 வோல்ட்டு லைனுன்னு ஒரு முனை இருக்கும். தூரமா போற ஸ்பீக்கருக்கு அதுலதான் வயரு கொடுப்பார். வோல்ட்டை ஏத்தி அனுப்பினா கரண்ட்டு கம்மி, அதனால நூல் மாதிரி வயர்ல கூட ஊர்க்கோடி வரைக்கும் சத்தம் போகும். ஸ்பீக்கர்கிட்ட ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக்கும். அதே மெல்லிசு வயரைக் கொண்டாந்து காரு பேட்டரிக்குப் போட்டா என்ன ஆகும்? நாற்பது வருஷம் முன்ன தெரிஞ்சுக்கிட்டதை என் வண்டியில நானே எட்டிப் பார்க்கல.

அந்த சிவப்பு வயரையும் அறுத்துப் பார்த்தேன். வெளியே பார்க்க சுண்டுவிரல் தடிமன். உள்ளே தோல்தான் முக்காவாசி. கம்பியைச் சுரண்டினா வெள்ளையா இருக்கு. அலுமினியத்து மேல செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பு அளவுக்குக் கரண்ட்டைக் கடத்தாது. அதே கரண்ட்டுக்கு இன்னும் தடிமனா போடணும். இவங்க இன்னும் மெல்லிசா போட்டிருக்காங்க. வீட்டு ஒயரிங்குல போடற ரெண்டரை சதுர மில்லி செம்பு வயரைப் போட்டிருந்தாக்கூட, அஞ்சு மீட்டர்ல 30 ஆம்பியர் போனா ஒரு வோல்ட்டு வழியிலயே செத்துடும். பன்னெண்டுல ஒண்ணு போறது சின்ன விஷயம் இல்ல. அதெல்லாம் வயர்ல சூடாத்தான் மாறும்.

பேட்டரி படுத்த காரணமும் அன்னைக்கே கிடைச்சது. ஆம்ப்ளிபயரை ஆன் பண்ண நீல வயரு ஒண்ணு உண்டு, ரிமோட் வயருன்னு பேரு. ஸ்டீரியோவை ஆன் பண்ணா அந்த வயர்ல பன்னெண்டு வோல்ட்டு வரும், ஆம்ப்ளிபயர் முழிச்சுக்கும். ஆஃப் பண்ணா தூங்கிடும். எங்க ஸ்டீரியோ பழசு, அந்த வயரு அதுல இல்ல. கடையில அதை சாவிக்குக் கொடுக்காம நேரா பேட்டரி வயரோட சேர்த்து முறுக்கி விட்டுட்டாங்க. ஆம்ப்ளிபயர் ராத்திரி பகல் தூங்காம இருந்திருக்கு. பேட்டரி பழசுன்னு புதுசு வாங்கினோமே, அந்தப் பழைய பேட்டரி இப்ப என் பக்கத்து வயல்காரர் டிராக்டர்ல ஓடிக்கிட்டு இருக்கு!

ஜனவரி 26 லீவுக்குப் பையன் வந்தான். இந்தத் தரம் கையில எட்டு கேஜ் செம்பு வயரு, பீஸ் ஹோல்டரு, லக்கு எல்லாம் வாங்கிட்டு வந்தான். "ஏரியில போடணுமா, ஒழுங்கா போடணுமா, நீயே சொல்லுப்பா"ன்னான். வீட்டுக்காரம்மா உள்ளே போயிட்டாங்க. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன், அவங்க என்னவா எடுத்துக்கிட்டாங்கன்னு கேக்கல.

கொட்டாய்க்கு முன்னாடி புளியமரத்தடியில வண்டியை நிறுத்தினோம். மொதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி வச்சோம். நெகட்டிவ் கழட்டாம பாசிட்டிவ்ல ஸ்பேனர் போட்டு, அது பாடியில பட்டா ஸ்பேனரே பத்திக்கும். ஓட்டையை அரத்தால ராவி மழுக்கி, டூவீலர் மெக்கானிக் கொடுத்த ரப்பர் புஷ்ஷைப் போட்டோம். வயருக்கு மேல இன்னொரு பிளாஸ்டிக் குழாய். பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துல பீஸ் ஹோல்டரு, அதுல 30 ஆம்பியர். அறுபது போடலாமான்னு அவன் கேட்டான். "நானும் மூணு பிரி போட்டவன்தான்டா"ன்னேன். சிரிச்சுட்டான். பொங்கலுக்கு அப்புறம் அவன் சிரிச்சது அப்பதான்.

அப்புறம் எர்த்து. இதுல எனக்கே ஒரு பாடம். மோட்டாருக்கு எர்த்துன்னா குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, பைப்பு இறக்கி, வெயில் காலத்துல தண்ணி ஊத்துவோம். அது ஆளைக் காப்பாத்த. காருல எர்த்துன்னு சொல்றது அது இல்ல. போன கரண்ட்டு பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழி. 30 ஆம்பியர் போனா 30 ஆம்பியரும் அது வழியாத்தான் வரணும். கடையில அதைப் பெயின்டு மேலயே ஒரு ஸ்க்ரூவுல மாட்டியிருந்தாங்க. பெயின்டைப் பளபளன்னு தகரம் தெரியற வரைக்கும் சுரண்டி, போற வயரு என்ன தடிமனோ அதே தடிமன்ல முறுக்கி, மேல கிரீஸ் தடவினோம், துரு பிடிக்காம இருக்க.

பாட்டு வர்ற வயரை வலது பக்கம் கொண்டுபோனோம், கரண்ட்டு வயரை இடது பக்கம். முன்ன ரெண்டையும் ஒண்ணாக் கட்டியிருந்ததால ஆக்சிலேட்டர் அழுத்த அழுத்த கொய்ங்குனு ஒரு சத்தம் ஏறிக்கிட்டே போகுமாம். "அது கூடவா உனக்குக் கேக்கல?"ன்னான். கேக்கல. நீல வயரை சாவி போட்டா மட்டும் கரண்ட்டு வர்ற இடத்துல கொடுத்து, நடுவுல ஒரு சுவிட்சு வச்சோம். ஆம்ப்ளிபயர்ல கெயின்னு ஒரு திருகு இருக்கு. அது வால்யூம் இல்லையாம். ஸ்டீரியோ கொடுக்கிற அளவுக்கு ஏத்தமாதிரி வைக்கணும். முழுசாத் திருகி வச்சா ஸ்பீக்கர் காயில்தான் கருகும். இன்னொரு திருகை 80ல வச்சான். அதுக்கு மேல இருக்கிற சத்தத்தை முன் ஸ்பீக்கரு பார்த்துக்கும், பெட்டிக்கு அடிச்சத்தம் மட்டும் போகும்.

1200 வாட்ஸு எங்கடான்னு கேட்டேன். அவனுக்கும் வெட்கமாப் போச்சு. 30 ஆம்பியர் பீஸ் போட்ட ஆம்ப்ளிபயர் 360 வாட்ஸுக்கு மேல பேட்டரியில இருந்து எடுக்கவே முடியாது. அதுலயும் ஒரு பங்கு சூடாப் போயிடும். ஸ்டிக்கரைப் படிக்கறதை விட பீஸைப் படிச்சா உண்மை தெரியும். நெல்லு எடை போடறப்ப ஈரத்துக்குக் கழிக்கிற மாதிரி இதுலயும் கழிச்சுத்தான் பார்க்கணும் போல.

வேலை முடிய சாயங்காலம் ஆச்சு. கடையில ரெண்டு மணி நேரம், எங்களுக்கு ஒரு பகல் முழுக்க. அரை மணி நேரம் பாட்டு ஓட விட்டு வயரை அடி அடியாத் தொட்டுப் பார்த்தேன். எங்கயும் சூடு இல்ல.

தெருவுல மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எதிர் வீட்டு அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க. "சாமி, பாட்டு கேக்கல, அந்த இடி மட்டும் செவுத்தைத் தாண்டி நெஞ்சுல வந்து அடிக்குது"ன்னு தீபாவளியப்பவே சொன்னாங்க. அவங்க சொன்னது சரி. அடிச்சத்தத்துக்குச் செவுரு ஒரு தடையே இல்ல. 2000த்துல வந்த சத்த விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாது. குடியிருக்கிற இடத்துல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. சட்டத்தை எடுத்துச் சொன்னா பையன் வாதம் பண்ணுவான். அந்த அம்மா இவன் சின்னப்பிள்ளையா இருக்கிறப்ப தூக்கி வளர்த்தவங்க. அதைச் சொன்னேன், சரின்னுட்டான்.

கதவுக் கைப்பிடியைப் பொங்கலுக்கு மறுவாரமே மாத்திட்டேன். 280 ரூபா ஆச்சு. பத்தாம் நம்பர் ஸ்பேனரு இப்ப டேஷ்போர்டுலயே கிடக்கு. வீட்டுக்காரம்மா இன்னமும் பின் சீட்டுல ஏறினா மொதல்ல கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் உட்காருறாங்க. குழந்தையை வலது பக்கம்தான் உட்கார வைக்கிறாங்க. பெட்டியைப் பத்தி ஒண்ணும் பேசறது இல்ல.

பையன் வேலைக்குப் போயிட்டான். வண்டி என்கிட்ட. த்ரீ பேஸ் வர்றதுக்காக கொட்டாய்ல காத்துக்கிடக்கிற நேரத்துல வண்டியை வரப்போரம் நிறுத்தி, சத்தத்தைக் கம்மியா வச்சு இளையராஜா பாட்டு கேக்கறேன். மைக்செட்டுல இதே பாட்டை எல்லாம் நூறு தரம் போட்டிருக்கேன். கூம்பு ஸ்பீக்கர்ல குரலும் நாயனமும்தான் தூரம் போகும். அடிச்சத்தம் வரவே வராது. அந்தப் பாட்டுக்கு அடியில ஒரு கிடார் தனியா இன்னொரு பாட்டு மாதிரி நடந்து போறது இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் காதுல விழுது. கரண்ட்டு வந்ததும் சுவிட்சை அணைச்சுட்டு மோட்டார் போடப் போயிடுவேன்.